அடுக்குமாடியின் அடிமனை யாருடையது?

அறுபதாம் கல்யாணமோ சதாபிஷேகமோ திருக்கடவூரில் அபிராமியம்மை சந்நிதியில் இனிதே நிறைவேறுகிறது. பிள்ளைகளும் பெண்களும் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கடல் கடந்தும் வந்து கூடியிருக்கிறார்கள். மாலையும் கழுத்துமாக இருந்த பெரியவர்கள் ஊர் திரும்பிச் சற்றே ஓய்ந்த வேளையில், கூடத்தில் ஒரு பேச்சு மெல்லத் தலையெடுக்கிறது. "அப்பா, இவ்வளவு பெரிய வீட்டை இனிமேல் நீங்கள் இரண்டு பேராக எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள்? தஞ்சாவூரிலேயே லிப்டோடு புதிதாக ஃபிளாட் கட்டுகிறார்களாம். போய்ப் பார்த்துவிட்டு வரலாமா?" அம்மா ஒன்றும் சொல்லாமல் அடுக்களைப் பக்கம் எழுந்து போகிறார். காவிரிக் கரையில் இந்தப் பேச்சு எழாத இல்லங்கள் இன்று குறைவு.

பிள்ளைகளின் பேச்சில் நியாயம் இல்லாமல் இல்லை. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், தாழ்வாரம், இரண்டாம் கட்டு, கொல்லை என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெரு வரை நீளும் வீடு அது. பத்துப் பதினைந்து பேர் புழங்குவதற்கென்று கட்டப்பட்டது. ஐப்பசி அடைமழையில் முற்றத்துக் கல் வழுக்குகிறது. இரவு எழுந்தால் கொல்லைப்புறக் கழிவறைக்கு மூன்று படி இறங்கி நடக்க வேண்டும். ஓடு மாற்ற ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் நாட்டு ஓடு கிடைப்பதில்லை. எழுபது வயதுக்கு மேல் ஒரு முறை வழுக்கி விழுந்தவர் பிறகு எப்படி நடமாடுகிறார் என்பதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். ஆகையால் பழைய வீட்டின் மீதுள்ள பாசத்தை மட்டும் வைத்துக்கொண்டு பிள்ளைகளின் யோசனையைத் தள்ளிவிடுவது விவேகமாகாது.

ஆனால் சென்னையில் ஃபிளாட் வாங்குவோர் கேட்கும் கேள்விகள் மட்டும் சோழநாட்டில் போதமாட்டா. சமையலறை எந்தத் திசை, கார் நிறுத்த இடம் உண்டா, மெட்ரோ வருமா என்று அங்கே கேட்பார்கள். இங்கே முதலில் கேட்க வேண்டியது வேறு. அந்தக் கட்டடம் நிற்கும் மண் யாருடையது?

சிவன் சொத்து குலநாசம் என்பது இப்பகுதியில் குழந்தையும் அறிந்த வாக்கு. அதை அச்சுறுத்தலாகக் கொள்ளாமல், இந்த நாட்டின் நில வரலாற்றைச் சுருக்கிச் சொன்ன ஓர் எச்சரிக்கையாகக் கொள்ளலாம். தஞ்சைக்கும் கும்பகோணத்துக்கும் திருவாரூருக்கும் இடையில், ஏதோ ஒரு காலத்தில் ஒரு திருக்கோயிலுக்கோ மடத்துக்கோ எழுதிவைக்கப்படாத ஊர் எது என்று தேடினால்தான் கிடைக்கும். இந்து சமய அறநிலையத் துறையின் பொறுப்பில் தமிழகம் முழுவதும் உள்ள திருக்கோயில் நிலங்கள் சுமார் 4.78 லட்சம் ஏக்கர். அவற்றில் நெல்வயல்கள் மட்டுமல்ல, நகரங்களின் நடுவே மாடவீதிகளில் இருக்கும் மனைகளும் அடக்கம். தஞ்சை அரண்மனை தேவஸ்தானம் ஒன்றிலேயே, பெரிய கோயில் உட்பட, 88 கோயில்கள் உள்ளன.

வீடும் கோயிலும் இப்படிப் பின்னிக் கிடப்பது நேற்று இன்று வந்ததன்று. தஞ்சைப் பெரிய கோயிலின் சுவரிலேயே அதற்குச் சான்று இருக்கிறது. இராசராச சோழன் பல ஊர்த் தளிகளிலிருந்து 400 தளிச்சேரிப் பெண்டுகளை வரவழைத்துக் கோயிலைச் சுற்றிக் குடியமர்த்தினான். அவர்களில் ஒவ்வொருவருக்கும் எந்தத் தெரு, தெருவின் எந்தச் சிறகு, அதில் எத்தனையாவது வீடு என்று வரிசையாகக் கல்லில் வெட்டச் செய்தான். தெருவின் இருபக்க வீட்டு வரிசைகளுக்கு அன்று சிறகு என்று பெயர். வீட்டோடு ஆண்டுக்கு நூறு கலம் நெல் ஒரு பங்கு. அவருக்குப் பின் அந்தப் பங்கு யாரைச் சேரும் என்பதும் அதிலேயே எழுதப்பட்டுள்ளது. தஞ்சையில் வீட்டுக்கு வீடு எண்ணி எழுதிய பழைய ஆவணத்தைக் காண விரும்புவோர் பதிவு அலுவலகத்துக்குப் போக வேண்டியதில்லை. பிராகாரத்தை ஒருமுறை வலம் வந்தாலே போதும்.

அதே கல்வெட்டுகள் இன்னொன்றையும் கவனமாகச் செய்கின்றன. கோயிலுக்குக் கொடுத்த ஊர்களின் அளவைச் சொல்லும்போது, குடியிருப்பான நத்தம், குளம், ஊடறுத்துப் போகும் வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றைத் தனியே கழித்து, எஞ்சியதற்கே வரி கணக்கிடுகின்றன. நத்தம் என்ற அந்தச் சொல் இன்றும் வருவாய்த் துறைப் பதிவேட்டில் உயிரோடு இருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன் வாய்க்காலைக் கழித்து எழுதியவர்கள் ஒரு பக்கம். இன்று வாய்க்காலைத் தூர்த்து மனை போடுபவர்கள் ஒரு பக்கம். இவ்விடத்தில் இராசராசன் காலத்துக் கணக்கரைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை.

பின்னாளில் நாயக்கர், மராட்டியர் காலங்களில் இனாமாகவும் ஊழிய மானியமாகவும் நிலங்கள் கோயில்களுக்கும் கோயிற் பணியாளருக்கும் கிடைத்தன. பூக்கட்டுபவர், மேளக்காரர், பரிசாரகர், வேதம் ஓதுபவர் என்று பணிக்கு ஏற்ற மானியம். 1963-இல் வந்த இனாம் ஒழிப்புச் சட்டங்களுக்குப் பின் இவற்றில் சில தனியார் பட்டாவாயின. பல கோயில் பெயரிலேயே நின்றன. சில இன்னும் வழக்கில் கிடக்கின்றன. அடுக்குமாடி கட்டுபவர் காட்டும் மனை, இந்த மூன்றில் எந்த வகை என்பதை வரவேற்பறையில் வைத்திருக்கும் வண்ணப் படம் சொல்லாது.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1959-ஆம் ஆண்டு தமிழ்நாடு இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34-ஆம் பிரிவின்படி, ஆணையரின் அனுமதி இல்லாமல் கோயில் நிலத்தை விற்றாலும், அடமானம் வைத்தாலும், ஐந்தாண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு விட்டாலும் அது செல்லாது. 109-ஆம் பிரிவு அதைவிட வலிமையானது. கோயில் சொத்தை மீட்பதற்குக் காலவரையறைச் சட்டம் குறுக்கே நிற்காது. தனியார் நிலத்தில் பல்லாண்டு தடையின்றி அனுபவித்தவர் உரிமை கோரலாம். கோயில் நிலத்தில் தாத்தா காலத்திலிருந்து இருந்தாலும் அந்த வாதம் எடுபடாது. கோயில் நிலத்துக்கான பத்திரத்தை அனுமதியின்றிப் பதியக் கூடாது என்று பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவும் சார்பதிவாளரைக் கட்டுப்படுத்துகிறது.

அப்படியானால் வில்லங்கச் சான்று பார்த்தால் தீர்ந்ததே என்று பலர் நினைக்கிறார்கள். அங்கேதான் பெரியவர்கள் ஏமாறுகிறார்கள். வில்லங்கச் சான்றில் வருவது பதிவான பத்திரங்கள் மட்டுமே. மன்னர் காலத்து மானியம் எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதிவானதில்லை. முப்பது ஆண்டுக்கு வில்லங்கம் இல்லை என்ற தாள், அந்த முப்பது ஆண்டில் யாரும் கடன் வாங்கவில்லை, விற்கவில்லை என்று சொல்லுமே தவிர, மண் சுவாமியுடையது அன்று என்று சொல்லாது.

வேறு இடங்களில் பார்க்க வேண்டும். கிராமமானால் 'அ' பதிவேடு. நகரமானால் நகர நில அளவைப் பதிவேடு. பட்டாவை மட்டும் நம்பாமல், அதற்கு முந்தைய நில உடைமைப் பதிவில் அந்தச் சர்வே எண்ணுக்கு எதிரே தேவஸ்தானம், இனாம், மானியம், கட்டளை என்ற சொற்களில் ஏதேனும் இருக்கிறதா என்று வழக்குரைஞரைப் பார்க்கச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு திருக்கோயிலும் 29-ஆம் பிரிவின்படி சொத்துப் பதிவேடு வைத்திருக்க வேண்டும். அருகிலுள்ள கோயில்களின் செயல் அலுவலரிடம் சர்வே எண்ணைக் குறிப்பிட்டு எழுத்தில் கேட்கலாம். பதில் வராவிட்டால் 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனு செய்யலாம். நாற்பது, ஐம்பது லட்சம் போடுவதற்கு முன் ஒரு மனு எழுதுவது பெரிய காரியமன்று. பத்திர நகல்களைப் பார்க்க நேரம் கேட்டால் "இன்னும் இரண்டு ஃபிளாட்தான் பாக்கி" என்று அவசரப்படுத்தும் தரகரிடமிருந்து அன்றே விடைபெற்றுக்கொள்வது நலம்.

இனி, சொல்லக் கசப்பானதொன்று. புதிய ஃபிளாட்டின் மண்ணை விசாரிக்கும் முன், தாம் இருக்கும் வீட்டின் மண்ணையும் விசாரிக்க வேண்டியிருக்கிறது. சந்நிதித் தெருக்களிலும் மாடவீதிகளிலும் உள்ள பழைய வீடுகள் பலவற்றில் கட்டடம் குடும்பத்தினுடையது, அடிமனை கோயிலுடையது. தகப்பனார் இருந்தவரை அலுவலகத்தில் அடிமனை வாடகை கட்டி ரசீது வாங்கிப் பெட்டியில் வைத்திருப்பார். பின்னர் பிள்ளை வெளியூர் வேலைக்குப் போனார், வாடகை நின்றது, பெயர் மாற்றமும் நடக்கவில்லை. "இந்த வீட்டை விற்றால் இவ்வளவு வரும், அதில் ஃபிளாட் வாங்கிவிட்டு மீதியை வங்கியில் போடலாம்" என்று பிள்ளைகள் போடும் கணக்கு, இந்த ஓரிடத்தில் சரிந்துவிடுகிறது. விற்க முடிந்தது சுவரும் ஓடும்தான், மண் அல்ல. அதையும் கோயில் நிர்வாகத்துக்குத் தெரியாமல் கைமாற்றினால் வாங்குபவருக்குச் சிக்கல்.

இது கற்பனையான அச்சமன்று. திருவரங்கத்தில் அரங்கநாதர் கோயிலைச் சூழ்ந்த 300 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் கோயிலுடையது என்ற அடிமனைப் பிரச்சினை நெடுங்காலமாக நடக்கிறது. அங்கே தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் குடும்பங்கள் தம் வீட்டை விற்கவும் கடன் வாங்கவும் பட்ட பாடு பலரும் அறிந்தது. கோயில் பக்கமும் நியாயம் இருக்கிறது, குடியிருப்போர் பக்கமும் நியாயம் இருக்கிறது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். முதுமையில் அந்த இரண்டு நியாயங்களுக்கும் நடுவில் போய் வீடு வாங்குவதுதான் எளிதன்று.

அடிமனையில் குடியிருப்பது ஒரு குறையா என்றால், இல்லை. சிங்கப்பூரில் வாழும் நம் பிள்ளைகளின் வீடுகளில் பெரும்பாலானவை அரசு நிலத்தின் மீது 99 ஆண்டுக் குத்தகைக்கு உரியவைதாம். மண் தமதன்று என்பதை அறிந்தே வாங்குகிறார்கள். எத்தனை ஆண்டு மீதி என்பதைக் கணக்கிட்டே விலை பேசுகிறார்கள். அறிந்து இருப்பதில் இழுக்கில்லை. சுவாமியின் மண்ணில் சுவாமிக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு இருப்பது பெருமையும்கூட. மறைத்து விற்பதும் தெரியாமல் வாங்குவதும்தான் இடர்.

மண்ணின் உரிமை சரியாக இருந்தாலும், அதன் தன்மையையும் பார்க்க வேண்டும். தஞ்சை நகருக்குத் தென்மேற்கே வல்லம் பக்கம் செம்மண்ணும் செம்புறாங்கல்லும் கொண்ட மேட்டு நிலம். வடக்கேயும் கிழக்கேயும் வெண்ணாறும் வடவாறும் அவற்றின் கிளைகளும் கொண்டுவந்து சேர்த்த வண்டலும் களியும். களிமண் மழையில் பொங்கும், கோடையில் வெடித்துச் சுருங்கும். நெல்லுக்கு அது அமுதம், கட்டடத்துக்குச் சோதனை. அங்கே அடித்தளம் ஆழமாகவும் முறையாகவும் இருந்தாக வேண்டும். மண் பரிசோதனை அறிக்கையைக் கேட்டு வாங்கித் தெரிந்த பொறியாளர் ஒருவரிடம் காட்டுவது அவசியம். சென்னை மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 உயிர்கள் போனதை மறக்கக் கூடாது.

நேற்றுவரை வயலாக இருந்த இடமா என்பதும் கேள்வி. காவிரிப் படுகை பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாயிற்றே, இங்கே வயலில் கட்ட விடுவார்களா என்று சிலர் கேட்கிறார்கள். 2020-ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் எண்ணெய், எரிவாயு போன்ற குறிப்பிட்ட தொழில்களையே தடுக்கிறது. வீடு கட்டுவதை அன்று. வயலை மனையாக்குவதற்கு நகர் ஊரமைப்புத் துறையின் இசைவு வேண்டும். திட்டப் பகுதிக்கு வெளியே உள்ள நன்செய்யானால் மாவட்ட ஆட்சியரின் இசைவும் வேண்டும். அவற்றின் நகலைக் கேட்கலாம். ஊர்ப் பெரியவர் ஒருவரிடம், மேட்டூர் திறந்து தண்ணீர் வரும் நாளில் அந்த இடத்தில் முன்பு எந்த வாய்க்கால் ஓடியது என்றும் கேட்கலாம். நீருக்குத் தன் வழி நினைவிருக்கும். மார்கழி பிறப்பதற்குள் ஒரு நாள் அது திரும்பி வரும். வாங்க நினைக்கும் இடத்தைப் பங்குனியில் பார்க்காமல் கார்த்திகை மழையில் போய்ப் பார்ப்பது உத்தமம்.

பெரிய கோயிலின் விமானம் சாளரத்தில் தெரியும் என்று சொல்லி விற்கப்படும் வீடுகளுக்கு மற்றொரு விசாரணையும் உண்டு. பெரிய கோயிலும் தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. 2010-இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி, இத்தகைய சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை தேசிய நினைவுச்சின்ன ஆணையத்தின் அனுமதி பெற்றே கட்ட வேண்டும். கோபுர தரிசனம் கோடி புண்ணியம்தான். ஆனால் அனுமதிக் கடிதத்தையும் தரிசித்துவிட்டு முன்பணம் கொடுப்பது நல்லது.

கட்டுமான நிறுவனத்தைப் பொறுத்தவரை, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ எட்டு வீட்டுக்கு மேலாகவோ கட்டுபவர் 'ரெரா' ஆணையத்தில் பதிவு செய்தாக வேண்டும். பதிவு எண் இல்லாமல் விளம்பரமே செய்யக் கூடாது. பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. வாங்குவோர் கொடுத்த பணத்தில் 70 சதவீதம் அந்தக் கட்டடத்துக்கான தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். கட்டடத்தின் அமைப்பில் குறை தோன்றினால் ஒப்படைத்த ஐந்தாண்டுக்குள் அவரே செலவின்றிச் சரி செய்து தர வேண்டும். இவற்றுள் அடியவர்கள் குறித்துவைக்க வேண்டியது 18-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு. நில உரிமையில் குறை இருந்து நட்டம் நேர்ந்தால் கட்டியவர் இழப்பீடு தர வேண்டும். அந்தக் கோரிக்கைக்கும் காலவரையறை கிடையாது. கோயிலின் உரிமைக்குக் காலம் தடையில்லை. வாங்கி ஏமாந்தவரின் உரிமைக்கும் காலம் தடையில்லை. ஆனால் எண்பது வயதில் நீதிமன்றப் படி ஏறுவதற்கு முழங்கால் தடையாயிற்றே!

மண் தேறிவிட்டால், மற்றவை குடும்பத்துக்குள் பேசி முடிவு செய்யக்கூடியவை. அவை அற்பமானவை என்று பொருளன்று. நோயுற்றவரைப் படுக்கவைத்துக் கொண்டுசெல்லும் அளவுக்கு லிப்ட் நீளமாக இருக்கிறதா என்று பிள்ளைகள் கேட்கத் தயங்குவார்கள், பெரியவர்களே கேட்டுவிடலாம். திதி நாளில் விறகடுப்பு மூட்டித் தளிகை செய்ய முடியாது, பொது மொட்டை மாடியில் சங்கம் அனுமதித்தால் உண்டு. ஹோமப் புகைக்கு எச்சரிக்கை மணி அலறிய கதைகளும் உண்டு. வாசற்கோலம் நான்கடி நடைபாதையில் அடங்க வேண்டும். துளசிமாடத்துக்குப் பால்கனியில் கிழக்கு வெயில் படுகிறதா என்று பார்க்கலாம்.

சுமார் நூறாண்டு இடைவெளிக்குப் பின் 2015 சித்திரையில் பெரிய கோயில் தேர் மீண்டும் தஞ்சையின் நான்கு ராஜ வீதிகளிலும் ஓடியது. அவ்வீதிகளில் திண்ணை வைத்திருந்தோர் வாசலில் நின்றே தேங்காய் உடைத்தார்கள். மேல்மாடியில் இருப்போர், சுவாமியை மேலிருந்து நோக்குவது முறையன்று என்று கீழே இறங்கி வர வேண்டும். ஆனால் மருத்துவக் கல்லூரிச் சாலையிலோ நாஞ்சிக்கோட்டைச் சாலையிலோ வாங்கும் வீட்டுக்குத் தேர் வரப்போவதில்லை. அங்கிருந்து பிரதோஷத்துக்கு ஆட்டோவில் எவ்வளவு நேரமாகும், மாதம் எத்தனை முறை போக முடியும் என்பதையும் விலையோடு சேர்த்து எண்ண வேண்டும். அதே பகுதியில் ஓராண்டு வாடகைக்கு இருந்து பார்ப்பது பலருக்கும் தோன்றாத வழி. பிடிக்காவிட்டால் முன்பணத்தோடு திரும்பிவிடலாம்.

கடைசியாகக் கையெழுத்திடும் பத்திரத்தில் 'பிரிக்கப்படாத பாகம்' என்று ஒரு வரி இருக்கும். பெரும்பாலோர் கூடத்தின் அகலத்தையும் தரைக்கல்லின் நிறத்தையும் பார்ப்பார்களே தவிர, அந்த வரியில் எத்தனை சதுர அடி என்று பார்ப்பதில்லை. 1,000 சதுர அடி வீட்டுக்கு உரிய மண் 300 சதுர அடியாகவும் இருக்கலாம், 600 ஆகவும் இருக்கலாம். அத்தனை வீடுகளின் பாகங்களையும் கூட்டினால் மொத்த நிலம் வருகிறதா, அல்லது கட்டியவர் ஒரு துண்டைத் தமக்கென்று வைத்துக்கொண்டாரா என்பதும் அதில்தான் தெரியும். 2022-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் இசைந்தால் பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டலாம். முப்பது நாற்பது ஆண்டு கழித்து அந்த நாள் வரும்போது சுவர்களுக்கு மதிப்பிராது. பேரனோ பேத்தியோ பத்திரத்தைப் பிரித்து, தாத்தா வாங்கிவைத்த மண் எத்தனை சதுர அடி என்றுதான் முதலில் பார்ப்பார்கள்.